சித்தி எழுதி வைத்தபடி

சித்தியின் பதினாறாம் நாள் கருமாதி முடிந்து, பந்தியும் எழுந்து, கூடத்தில் ஜமுக்காளத்தை மடித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அவருடைய மூத்த மகனான பெரிய தம்பி இரும்புப் பெட்டியைத் திறந்தான். பழைய ரேஷன் கார்டு, சித்தப்பாவின் மூக்குக் கண்ணாடி, அவற்றுக்கு அடியில் ஒரு பழுப்பு உறை. உறையின் மேல் என் பெயர். கரும்பலகையில் எழுதுவது போலவே முத்து முத்தான எழுத்து. சித்தி முப்பது வருஷம் டீச்சர்.

உயில் மொத்தம் நான்கு பக்கம். எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள், நான் சத்தமாகப் படித்தேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி வந்ததும் குரல் நின்றுவிட்டது. "நான் இறந்தவுடன் என் இரு கண்களையும் தானமாகக் கொடுத்துவிட வேண்டும்." கண்ணை எடுப்பதென்றால் ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். சித்தி போய்ப் பதினாறு நாளாகிவிட்டது. கொள்ளி வைத்தபோது பக்கத்தில் நின்றவன் நான்.

"மேல படிங்கண்ணே" என்றாள் தங்கை.

என் தப்புதான். 2012-ல் சார்பதிவாளர் அலுவலகத்தில் உயிலைப் பதிவு செய்துவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார் சித்தி. "உன் பேரைத்தான் போட்டிருக்கேன்டா. நான் போனப்புறம் நீதான் எல்லாத்தையும் பாத்துக்கணும்" என்றார். "சரி சித்தி" என்று தலையாட்டியதோடு சரி. என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டால் சொத்து விவரத்தைத் துருவுகிறான் என்று நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தால் ஆறு வருஷம் கழித்து இரண்டு பேருக்குக் கிடைத்திருக்க வேண்டிய பார்வை போனது. உங்களை யாராவது உயில் நிறைவேற்றாளராகப் போடுகிறேன் என்றால், சொத்து யாருக்கு என்று கேட்க வேண்டாம். அசல் உயில் எங்கே இருக்கிறது, சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் யார், செத்த அன்றைக்கே செய்ய வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கண் தானம், உடல் தானம், எரிப்பதா புதைப்பதா என்பதையெல்லாம் உயிலில் மட்டும் எழுதிவைத்துப் பயனில்லை. உயிலை எல்லோரும் காரியம் முடிந்த பிறகுதான் பிரிக்கிறார்கள். அன்றைக்கு வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எனக்குத் தபால் துறையில் 34 வருஷ வேலை. சித்தி என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணமாக இருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அவருக்குப் பிள்ளைகள் மூன்று பேர். பெரிய தம்பி சென்னையில், தங்கை திருச்சியில், சின்னவன் பஹ்ரைனில். கும்பகோணத்து வீடு தங்கைக்கு. மேற்கு மாம்பலம் ஃபிளாட்டை விற்று மூன்று பேருக்கும் சமமாக. ஃபிக்சட் டெபாசிட் ஒன்பது லட்சத்தில், சமையலுக்கு இருந்த அம்மாவுக்கு ஒரு லட்சம், வேலை பார்த்த பள்ளியின் நூலகத்துக்கு ஐம்பதாயிரம், மீதி மூன்று பேருக்கும். காசுமாலை பெரியவனின் மகளுக்கு. மற்ற நகைகள் தங்கைக்கு. கிரைண்டரும் சமையல்கார அம்மாவுக்குத்தான்.

படித்து முடித்ததும் பெரியவனின் மனைவி, "கிரைண்டர் கூடவா எழுதிவைப்பாங்க?" என்றார். சித்தி எழுதுவார். பரீட்சைத் தாளில் கால் மார்க்கைக்கூட விடாதவர்.

இந்தப் பொறுப்பை மறுக்கலாமா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். தாராளமாக மறுக்கலாம். புரோபேட்டுக்கு, அதாவது உயில் மெய்தான் என்று நீதிமன்றம் தரும் சான்றுக்கு, போகும் முன் எழுத்து மூலம் விலகிக்கொண்டால் போதும். ஒத்துக்கொண்டு, சொத்தில் கை வைத்துவிட்டுப் பாதியில் கழன்றுகொள்வதில்தான் வம்பு. நான் விலகவில்லை. அந்தக் கண் விஷயம் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. மீதியையாவது எழுதியபடி செய்துவிட வேண்டும் என்று ஒரு வீம்பு.

முதலில் செய்தது, ஒரு நீள நோட்டு வாங்கியது. இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. அதில் முதல் பதிவே தகராறு. சித்தி இறந்த மறுநாள் சின்னவன் அவருடைய ஏடிஎம் கார்டில் நாற்பதாயிரம் எடுத்திருந்தான், காரியச் செலவுக்கு என்று. செலவு நியாயமானதுதான். ஈமச் செலவு, கடைசி மருத்துவச் செலவு எல்லாம் மற்றக் கடன்களுக்கு முன்னால் நிற்பவை என்று இந்திய வாரிசுரிமைச் சட்டமே சொல்கிறது. ஆனால் இறந்தவரின் கார்டைப் பயன்படுத்துவது சரியில்லை, வங்கிக்குத் தெரிந்தால் கேள்வி வரும். அவனிடம் ரசீது கேட்டேன். "அம்மா காரியத்துக்கு ரசீதா?" என்று முகம் சிவந்துவிட்டது. பந்தல்காரர், பூக்காரர், சமையல்காரர் மூன்று பேரிடமும் நானே போய்த் துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன். 37,250 கணக்குக்கு வந்தது. மீதி 2,750 என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. வேறு யாரும் கேட்கக்கூடாது என்பதற்காக என் பாக்கெட்டிலிருந்து போட்டு எழுதிவைத்தேன். அப்படிச் செய்திருக்கக் கூடாது என்பது பிறகு தெரிந்தது. கணக்கில் பூசி மெழுகுவதை ஒரு தடவை ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது?

ஃபிளாட் சென்னை நகருக்குள் இருந்ததால், அப்போது இருந்த சட்டப்படி உயர்நீதிமன்றத்தில் புரோபேட் வாங்காமல் அந்த உயிலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கும்பகோணத்து வீடு மட்டும் என்றால் அது தேவைப்பட்டிருக்காது. உயில் பதிவாகியிருக்கிறதே, அதுவே போதாதா என்று நானும்தான் நினைத்தேன். உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டத்தில் கட்டாயம் இல்லை. பதிவு செய்துவிட்டதால் மட்டும் அது நிரூபணமும் ஆகிவிடாது. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் குறைந்தது ஒருவராவது வந்து, "அவர் கையெழுத்துப் போட்டதை நான் பார்த்தேன்" என்று சொல்ல வேண்டும். சித்தியின் இரண்டு சாட்சிகளும் சித்தியோடு வேலை பார்த்த வாத்தியார்கள், சித்தியின் வயதுக்காரர்கள். ஒருவர் 2016-லேயே போய்விட்டார். இன்னொருவர் கோயம்புத்தூரில் மகள் வீட்டில். போய்ப் பார்த்தபோது என்னை யாரென்று தெரியவில்லை. உயிலின் நகலைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். "இது என் கையெழுத்துதான். அன்னிக்குப் பேனா எழுதலை, டீச்சர் அவங்க பேனாவைக் குடுத்தாங்க" என்றார். எனக்கு உயிர் வந்தது. சாட்சிகளாகத் தன்னைவிடப் பத்து இருபது வயது சின்னவர்களைப் போடுங்கள் என்று இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன்.

நீதிமன்றப் படலம் 14 மாதம். அசல் உயிலை அங்கே ஒப்படைக்க வேண்டும், பத்திரிகையில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும், வாரிசுகளின் சம்மதப் பிரமாணப் பத்திரம் வேண்டும். சின்னவன் பஹ்ரைனில் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டியிருந்தது. அவன் மூன்று மாதம் போடவில்லை.

அவன் போடாததற்குக் காரணம் இருந்தது. 2014-ல் மழையில் கும்பகோணத்து வீட்டின் பின்கட்டு இடிந்தபோது ஆறு லட்சம் அனுப்பிச் சரிசெய்தவன் அவன். உயில் 2012-ல் எழுதியது. வீடு அக்காவுக்கு. "நான் கட்டின செவுரு அண்ணே அது" என்று வாட்ஸாப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பினான். அதை நான் நான்கு தடவை கேட்டேன். அவன் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே எனக்குப் பட்டது. இப்போதும் அப்படித்தான் படுகிறது.

ஃபிளாட் விற்ற பணத்தில் அவனுக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் என்ன என்று வக்கீலிடம் கேட்டேன். அவர் நான் என்ன வேலை பார்த்தேன் என்று கேட்டார். சொன்னேன். "மணியார்டர் பட்டுவாடா பண்ணியிருக்கீங்களா?" என்றார். அவ்வளவுதான், மேலே ஒன்றும் சொல்லவில்லை.

பண்ணியிருக்கிறேன். முதியோர் பென்ஷன் மணியார்டர். திண்ணையில் மருமகள் நிற்பாள். "கெழவி தூங்குது, எங்கிட்ட குடுங்க, நான்தானே சோறு போடறேன்" என்பாள். அவள் சொல்வது உண்மையாகவே இருக்கும். சோறு போடுவது அவள்தான். ஆனாலும் பாட்டியை எழுப்பி, அந்தக் கையில்தான் கொடுத்துக் கைநாட்டு வாங்க வேண்டும். பாட்டி அதை அப்படியே மருமகளிடம் நீட்டினால் அது பாட்டியின் இஷ்டம், அதைப் பற்றி எனக்குப் பேச்சில்லை. இப்படி முப்பது வருஷம் செய்த எனக்கே, சொந்தக்காரர்கள் விஷயம் என்றதும் மறந்துபோனது.

சின்னவனிடம் அதைத்தான் சொன்னேன். "நீ சொல்றது நியாயம்டா. ஆனா அதைக் குடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. கையெழுத்துப் போடலைன்னா கேவியட்னு ஆட்சேபணை மனு போடு, வழக்கா மாறும், வருஷக்கணக்கில் இழுக்கும். பங்கு எல்லாம் அவங்கவங்க கைக்கு வந்தப்புறம் அக்காகிட்ட நீ பேசு. அதுல நான் தலையிட மாட்டேன்." பத்து நாள் கழித்துக் கையெழுத்து வந்தது. (பணம் பிரித்த பிறகு தங்கை தன் பங்கிலிருந்து மூன்று லட்சம் அவனுக்கு அனுப்பினாள். யார் பேசி அனுப்ப வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. என் நோட்டில் அது இல்லை.)

டெபாசிட்டுக்கு நாமினி பெரியவன். வங்கி பத்து நாளில் பணத்தை அவன் கணக்கில் போட்டுவிட்டது. வங்கி செய்தது சரி. அவன் அதைத் தன் பணம் என்று நினைத்ததுதான் தவறு. வங்கி டெபாசிட்டில் நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளத்தான் உரியவர். அதை உரியவர்களுக்குச் சேர்ப்பிக்க வேண்டும். 2010-ல் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கிறது. "அம்மா என் பேரை எதுக்குப் போட்டாங்க அப்புறம்?" என்றான். பாவம், அது ஒரு நல்ல கேள்விதான். பக்கத்தில் இருந்த பிள்ளை அவன், அதனால் போட்டார். இரண்டு மாதம் முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு, நான் தனியாகத் திறந்திருந்த கணக்குக்குக் காசோலை கொடுத்தான். அந்தப் பணத்தை என் சொந்தக் கணக்கில் ஒரு நாள்கூட வைக்கவில்லை. அதற்கு வந்த வட்டிக்கான வருமான வரியையும் என் வருமானத்தோடு சேர்க்காமல், நிறைவேற்றாளர் என்ற முறையில் தனியாகவே கட்டினேன்.

காசுமாலைக்கு வருகிறேன். அது பெட்டியில் இல்லை. லாக்கரிலும் இல்லை. சித்தியின் கைப்பையில் 2015 தேதியிட்ட ஒரு நகைக்கடை ரசீது இருந்தது. பழைய காசுமாலையைப் போட்டு இரண்டு ஜோடி வளையல் எடுத்திருக்கிறார். வளையல்கள் லாக்கரில் பத்திரமாக இருந்தன. "அதே தங்கம்தானே, எம் பொண்ணுக்குத்தான் சேரணும்" என்றார் பெரியவனின் மனைவி. அந்தப் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது, பாட்டியோடு படுத்துத் தூங்கி வளர்ந்தது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சட்டம் வேறு மாதிரி. குறிப்பிட்ட ஒரு பொருளை ஒருவருக்கு எழுதிவைத்து, சாகும்போது அந்தப் பொருள் இல்லாமல் போயிருந்தாலோ வேறு பொருளாக மாறியிருந்தாலோ, அந்த வரி செல்லாமல் போய்விடும். வளையல் "மற்ற நகைகள்" கணக்கில் தங்கைக்குப் போயிற்று. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், அவள் வாங்கிக் கையில் போட்டுக்கொண்டாள். அண்ணன் மகளுக்குக் கொடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். கொடுக்கவில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? பெரியவனின் மனைவி இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை.

நகையை மாற்றினால், விற்றால், அடகில் மூழ்கவிட்டால் உயிலை எடுத்து ஒரு தடவை படித்துப் பாருங்கள். மாற்றி எழுத ஆகும் செலவு பெரிய செலவில்லை, உயிலுக்கு முத்திரைத்தாளே தேவையில்லை.

பெரிய சோதனை எது என்றால், சமையல்கார அம்மாவின் ஒரு லட்சம். இதில் பிள்ளைகள் மூன்று பேரும் ஒன்று சேர்ந்துவிட்டார்கள். வேறு எதிலும் ஒன்று சேராதவர்கள். 2015-ல் அந்த அம்மா சித்தியோடு சண்டை போட்டுக்கொண்டு ஆறு மாதம் வராமல் இருந்தாராம். "அம்மா இருந்திருந்தா மாத்தி எழுதியிருப்பாங்கண்ணே" என்றாள் தங்கை. இருபதாயிரம் கொடுத்தால் போதும், அவருக்கு உயிலைப் பற்றித் தெரியவே தெரியாது, கேட்கப்போவதும் இல்லை என்றான் பெரியவன். கூடவே, இரண்டு மாதச் சம்பளம் ஆறாயிரம் பாக்கி இருந்ததையும் அதிலேயே கழித்துக்கொள்ளலாம் என்றான்.

மூன்று பேருமே ஒத்துக்கொண்டால் அப்புறம் என்ன என்று ஒரு ராத்திரி முழுக்க எனக்குத் தோன்றியது. பங்குதாரர்கள் எல்லோரும் மனமொத்து வேறு விதமாகப் பிரித்துக்கொள்ளலாம்தான். ஆனால் இங்கே எல்லோரும் என்பதில் அந்த அம்மாவும் ஒருவர், அந்தப் பள்ளியும் ஒன்று. அவர்களைக் கேட்காமல் மூன்று பேர் ஒத்துக்கொண்டால் அது மனமொத்ததா? சண்டை நடந்தது 2015-ல். சித்தி போனது 2018-ல். இடையில் காசுமாலையை மாற்றத் தெரிந்தவருக்கு உயிலை மாற்றத் தெரியாதா? "இருந்திருந்தா மாத்தியிருப்பாங்க" என்ற பேச்சை அதற்குப் பிறகு வேறு இரண்டு குடும்பங்களிலும் கேட்டிருக்கிறேன். மாற்றுவது எப்போதும் சொல்பவருக்குச் சாதகமாகவே இருக்கிறது.

சம்பளப் பாக்கி தனி. அது கடன். கடைசி மூன்று மாதத்துக்குள் வேலைக்காரர்களுக்குத் தர வேண்டிய கூலி, ஈமச் செலவுக்கும் புரோபேட் செலவுக்கும் அடுத்தபடியாக, மற்றக் கடன்களுக்கு முன்னால் வருகிறது. எழுதிவைத்த தொகை கடனை அடைத்ததாகவும் ஆகாது, உயிலில் அப்படிச் சொல்லியிருந்தால் ஒழிய. ஆறாயிரத்தை முன்பே கொடுத்துவிட்டேன். புரோபேட் வந்த பிறகு ஒரு லட்சத்துக்குக் காசோலை எழுதி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கிரைண்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு என் பையன் பின்னால் வந்தான்.

அவருக்குப் புழக்கத்தில் வங்கிக் கணக்கு இல்லை. நூறு நாள் வேலைக்குத் திறந்தது முடங்கிக் கிடந்தது. அதைச் சரிசெய்ய இரண்டு நாள் அலைந்தோம். பிறகு ரசீதில் கையெழுத்துப் போடச் சொன்னேன். எழுத்துக்கூட்டித் தன் பெயரை எழுதினார். "டீச்சர்தான் எழுதக் கத்துக்குடுத்தாங்க. ரெண்டு சுழியா மூணு சுழியான்னுதான் ஒரு தடவை சண்டையே வந்துச்சு" என்றார். அந்த ஆறு மாதச் சண்டை அதுதானா, வேறா என்று நான் துருவவில்லை.

ஃபிளாட்டை 62 லட்சத்துக்கு விற்றேன். பெரியவன் 50-க்குத் தானே எடுத்துக்கொள்கிறேன் என்றான். அடக்கமாக ஒரு யோசனை என் வீட்டிலிருந்தும் வந்தது. "நாமளே வாங்கிக்கலாமே, பையனுக்கு ஆகும்." நிறைவேற்றாளர் அந்தச் சொத்தை நேரடியாகவோ பினாமியாகவோ வாங்கினால், பங்குள்ள யார் வேண்டுமானாலும் அந்த விற்பனையை ரத்து செய்ய வைக்கலாம் என்று வக்கீல் முதல் நாளே சொல்லியிருந்தார். வீட்டில் அதைச் சொன்னேன். இரண்டு நாள் காப்பியில் சர்க்கரை இல்லை. மூன்று பேரிடம் எழுத்தில் விலை வாங்கி, பிள்ளைகள் மூவருக்கும் அனுப்பிவிட்டு, அதிகம் கேட்டவருக்குக் கிரயம் செய்துகொடுத்தேன். புரோபேட் கிடைத்த ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஒரு வருஷத்துக்குள் வரவு செலவுக் கணக்கும் நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும். அந்த நீள நோட்டு அப்போது கை கொடுத்தது. பஸ் டிக்கெட், ஜெராக்ஸ் உட்பட என் கைச்செலவை எடுத்துக்கொண்டேன். உழைப்புக்கென்று எதுவும் எடுக்கவில்லை, உயிலில் அப்படி ஒன்றும் இல்லை.

உயிலின் கடைசிப் பக்கத்தில் இன்னொரு வரி இருந்தது. "கொல்லையில் உள்ள மாமரத்தை வெட்டாமல் வைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்." இது கட்டளை இல்லை, விருப்பம். வீட்டை முழு உரிமையோடு தங்கைக்குக் கொடுத்துவிட்ட பிறகு அதை எப்படி அனுபவிக்க வேண்டும் என்று கட்டுப்படுத்தவும் முடியாது. பட்டா மாற்றிக் கொடுத்த அன்று அந்த வரியை மட்டும் அவளுக்கு இன்னொரு தடவை படித்துக் காட்டினேன். "தெரியும்ணே" என்றாள்.

மூன்று வருஷம் வைத்திருந்தாள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் வேர் செப்டிக் டேங்க்கைப் பிளந்துவிட்டது, வாடகைக்கு இருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். வெட்டுவதற்கு முதல் நாள் போன் செய்து, "உங்ககிட்ட கேக்கணுமாண்ணே?" என்றாள். கேட்க வேண்டியதில்லை என்றேன். ஒரு வாரம் கழித்து பஸ்ஸில் ஒரு ஜாடி மாவடு கொடுத்தனுப்பியிருந்தாள்.